சத்துக் குறைந்த மலைநிலத்துக்குத் தானிய ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

நீலகிரியிலும் பழனி மலையிலும் தேயிலை, காபி, காய்கறி ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போக மிஞ்சிக் கிடக்கும் சரிவுகளில் கேழ்வரகு, சாமை, தினை, சம்பா கோதுமை முதலிய தானியங்களை மீண்டும் விதைக்க விரும்புவோர் முதலில் கேட்பது, உரம் இடாமலே விளையும் ரகம் எது என்பதுதான். இதற்கு ஒரே ஒரு பெயரை விடையாகச் சொல்ல இயலாது. நிலத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவது வேறு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தும் கிடைக்காமல் போவது வேறு, மண்ணின் புளிப்பால் வேரே நீள முடியாமல் போவது வேறு. இம்மூன்றையும் ஒரே ரகம் ஒரே அளவில் தாங்குவது அரிது. ஆகவே உங்கள் நிலத்தில் இவற்றுள் எது முதற்குறை என்பதைப் பிரித்தறிந்து, நான்கைந்து ரகங்களை அந்த நிலத்திலேயே அருகருகே விதைத்துப் பார்த்து முடிவெடுப்பதே நம்பகமான வழி.

மண்ணில் குறைவது எது?

மலைமண்ணின் நிறம் ஏமாற்றக்கூடியது. உதகை, குந்தா, மன்னவனூர்ப் பக்கங்களில் மேல்மண் கறுத்து, கையில் அள்ளினால் பொலபொலவென உதிரும். ஆய்வறிக்கையிலும் அங்ககக் கரிமம் அதிகம் என்றே வரும். ஆனால் குளிரில் மண்ணின் நுண்ணுயிர்கள் மெதுவாகவே இயங்குகின்றன. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு பிணைந்துகொண்ட மட்கும் எளிதில் சிதைவதில்லை. எனவே அந்த மட்கில் உள்ள தழைச்சத்து, பயிர் தூர் கட்டும் நேரத்தில் அதற்கு வேண்டிய அளவில் வெளிவருவதில்லை. கரிமம் அதிகம் என்ற ஒரு வரியை நம்பி நிலத்தை வளமானது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

மணிச்சத்தின் நிலை இதைவிடக் கடினமானது. நெடுங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு போய்விட்டதால் இம்மலைகளின் மண் பெரும்பாலும் புளித்த மண்ணாகவே இருக்கிறது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்கு அருகில் இருப்பது இங்கே வியப்பல்ல. இத்தகைய மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நாம் இடும் சூப்பர் பாஸ்பேட்டிலும் பெரும்பகுதி அந்தப் பிடியில் சிக்கிவிடுகிறது. பிஎச் 5.5க்குக் கீழே இறங்க இறங்க, அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கத் தொடங்கும். நுனி கருகிய வேர் ஆழம் போகாது, கிளைக்காது. அப்போது மண்ணில் சத்து இருந்தாலும் பயிர் அதை எட்டாது. நாம் சத்தில்லாத நிலம் என்று ஒதுக்கும் பல மட்டங்கள் (சரிவில் வெட்டிய படிநிலங்கள்) உண்மையில் பயிரால் எட்ட முடியாத நிலங்களே.

எனவே முதல் வேலை மண்பரிசோதனை. மாதிரி எடுக்கும்போது வரப்பு ஓரம், மரநிழல், குப்பைமேடு இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, மேற்பரப்பில் உள்ள சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்குச் சாய்வாக இருபுறமும் வெட்டி, குழியின் ஓரத்தில் ஒரே கனத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு மட்டத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி நீக்கி அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தி அனுப்பலாம். ஆய்வுக்கூடத்தில் இரண்டு செய்திகளைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, மணிச்சத்தைப் புளித்த மண்ணுக்கு உரிய பிரே முறையில் அளக்க வேண்டும். சமவெளியின் கார மண்ணுக்கு ஏற்ற ஓல்சன் முறை இங்கே பொருத்தமான விடையைத் தராது. மற்றொன்று, சுண்ணாம்புத் தேவை எவ்வளவு என்பதையும் அறிக்கையில் குறிக்கச் சொல்ல வேண்டும். முடிந்தால் 15 முதல் 30 செ.மீ. வரையுள்ள அடிமண்ணையும் தனிமாதிரியாக அனுப்புங்கள். மேல்மண்ணின் மட்கு அலுமினியத்தைக் கட்டிவைத்து அதன் நஞ்சைத் தணிப்பதால், உண்மையான இடர் பெரும்பாலும் அடிமண்ணில்தான் ஒளிந்திருக்கும்.

அறிக்கை வருவதற்குள் நிலத்தில் நிற்கும் பயிரையே பார்த்துச் சிலவற்றை ஊகிக்கலாம். அடி இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளித்து வந்தால் தழைச்சத்துக் குறைவு. இலையும் தாளும் ஊதா படர்ந்து, தூர் குறைந்து, கதிர் வருவது தள்ளிப் போனால் மணிச்சத்துக் குறைவு. அடி இலைகளின் விளிம்பு கருகினால் சாம்பல் சத்துக் குறைவு. இலையில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் பயிர் குன்றி நின்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் தடித்து, குட்டையாகி, பக்கவேர் இல்லாமல், நுனி பழுப்பேறியிருந்தால் அது அலுமினியத்தின் வேலை. கோதுமையில் கதிர் நன்றாக வெளிவந்தும் மணி பிடிக்காமல் பதராகப் போனால் ரகத்தைக் குறை சொல்வதற்கு முன் போரான் குறைவையும், பூக்கும்போது அடித்த குளிரையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முந்தைய பயிர் என்ன என்பதும் சோதனையைத் தலைகீழாக்கக்கூடிய செய்தி. கோசு, முள்ளங்கி, காலிஃபிளவர், பீட்ரூட் ஆகியவற்றின் வேர்களில் வேர்ப்பூஞ்சை தங்குவதில்லை. தானியப் பயிர்களோ மணிச்சத்தைத் திரட்ட அந்தப் பூஞ்சையின் இழைகளை நம்பியிருப்பவை. அடுத்தடுத்து கோசும் பீட்ரூட்டும் போட்ட மட்டத்தில் சாமை விதைத்தால், பூஞ்சை குறைந்துபோன மண்ணில் அது முதல் மாதத்தில் தடுமாறும். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, பீன்ஸ் ஆகியவற்றுக்குப் பின் இந்தத் தடுமாற்றம் குறைவு. மறுபுறம், காய்கறி மட்டங்களில் ஆண்டுதோறும் கொட்டிய கலப்பு உரமும் கோழி எருவும் மிஞ்சியிருக்கும். அங்கே எந்த ரகமும் நன்றாகத்தான் தெரியும். சத்துக் குறைவைத் தாங்கும் ரகத்தைக் காய்கறி மட்டத்தில் தேடுவது வீண்வேலை.

ரகங்கள் எவ்வாறு தாங்குகின்றன?

சோதனையில் எதைக் கவனிப்பது என்று தெரிய, தாங்கும் வழிகளைச் சற்று அறிந்திருக்க வேண்டும்.

தழைச்சத்து, நைட்ரேட்டாக மாறியபின் தண்ணீரோடு நகரும். கூடலூர், பந்தலூர், குந்தா போன்ற தென்மேற்குப் பருவமழைப் பகுதிகளில் ஜூன், ஜூலை மாத மழை அதை வேருக்குக் கீழே இழுத்துச் சென்றுவிடும். அதைத் துரத்திப் பிடிக்க, வேர் செங்குத்தாக, விரைவாகக் கீழிறங்க வேண்டும். நெல்லில் வேரின் சாய்வைக் கீழ்நோக்கித் திருப்பும் ட்ரோ1 என்ற மரபணு, பிலிப்பைன்ஸின் கினான்டாங் பட்டோங் என்ற மேட்டுநில ரகத்திலிருந்து கண்டறியப்பட்டு 2013இல் வெளியிடப்பட்டது. மணிச்சத்தோ நகராது, மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதற்கு வேர் அகலமாக, மேலோட்டமாக, மயிர்வேர் அடர்ந்து பரவ வேண்டும். காசலத் என்ற இந்திய நெல் ரகத்தில் உள்ள, 2012இல் அடையாளம் காணப்பட்ட பிஸ்டால்1 என்ற மரபணு இளம்பருவத்திலேயே வேரைப் பெருக்கி மணிச்சத்தைக் கூடுதலாகத் திரட்டித் தருகிறது. ஐஆர்64 போன்ற, உலகெங்கும் பரவிய ரகங்கள் சிலவற்றில் அது இல்லை. வளமான வயலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களில் இப்படிப்பட்ட பண்புகள் இல்லாமல் போயிருந்தாலும், அவ்வயலில் அந்த இழப்பை யாரும் கவனித்திருக்க முடியாது.

இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆழ வேரும் பரந்த வேரும் ஒரே செடியின் ஒரே உணவுச் சேமிப்பிலிருந்து வளர்வன. ஒன்றில் செலவிட்டால் மற்றொன்றுக்குக் குறையும். ஆகையால் மழை குறைந்த கிழக்குச் சரிவில் சிறந்த ரகம் மேற்குச் சரிவிலும் சிறந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோத்தகிரிப் பக்கத்து உறவினர் தந்த விதை பந்தலூரில் ஏமாற்றினால் விதையையோ விதை தந்தவரையோ ஐயப்படத் தேவையில்லை.

அலுமினியத்தைத் தாங்கும் வழி வேதியியல் வகையைச் சேர்ந்தது. தாங்கும் கோதுமை ரகங்களின் வேர்நுனி மாலிக் அமிலத்தைக் கசியவிடுகிறது. அது அலுமினியத்தைப் பிணைத்து, வேருக்குள் புகாதபடி தடுக்கிறது. இதற்குரிய மரபணு 2004இல் கண்டறியப்பட்டது. சோளத்திலும் வாற்கோதுமையிலும் தாங்கும் ரகங்கள் சிட்ரிக் அமிலத்தைக் கசியவிட்டு இதே வேலையைச் செய்கின்றன. தானியங்களுள் நெல்லும் கம்புக்கோதுமை எனப்படும் ரையும் புளிப்பை மிகவும் தாங்குவன. ஓட்ஸ் அடுத்து வரும். கோதுமையில் ரகத்துக்கு ரகம் பெரிய வேறுபாடு உண்டு. வாற்கோதுமை பொதுவாக மிகவும் மெல்லியல்பு கொண்டது. எனவே வாற்கோதுமையை விதைக்க விரும்புவோர் ஹட்டியை (படுகர் ஊரை) ஒட்டிய, தொழு உரம் தொடர்ந்து விழுந்த நிலத்தை அதற்கு ஒதுக்குவதே நல்லது. தொலைவான வெறுஞ்சரிவில் அதைச் சோதிப்பது பயிருக்கும் நமக்கும் வீண் துன்பம்.

சத்தைத் திரட்டுவதோடு, திரட்டியதைக் கொண்டு மணியை நிரப்புவதும் ஒரு திறமை. அடி இலைகளிலிருந்தும் தாளிலிருந்தும் தழைச்சத்தைப் பிரித்தெடுத்துக் கதிருக்கு அனுப்பும் ரகம் குறைந்த சத்திலும் மணி தரும். இதில் 1960களுக்குப் பின் வந்த குட்டை ரகங்களைப் பற்றி ஒரு சொல். நிறைய தழைச்சத்து இட்டாலும் சாயாமல் நிற்பதற்காகவே அவை உருவாக்கப்பட்டன. சத்துக் குறைந்த சரிவில் உயரமான ரகமும் சாயுமளவுக்கு வளர்வதில்லை. ஆகவே குட்டையாக இருப்பதன் முதன்மையான பயன் அங்கே கிடைக்காது. உயர ரகம் கூடுதலாகத் தரும் தாள் மாட்டுக்கு உதவும். இதை வைத்துக் குட்டை ரகம் எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது. சோதனையில் ஒன்றையேனும் சேர்த்துப் பார்ப்பது முறை.

எந்த ரகங்களைச் சோதனைக்குச் சேர்ப்பது?

நான்கு முதல் ஆறு ரகங்கள் போதும். அருகிலுள்ள ஊர்களில் இன்னமும் விதைக்கப்பட்டு வரும் உள்ளூர் ரகங்கள் இரண்டு, வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் இரண்டு என்று சேர்த்துக்கொள்ளலாம். கேழ்வரகில் கோ 15, பையூர் 2, சாமையில் கோ 4, அத்தியந்தல் 1 போன்றவை தமிழ்நாட்டுக்காக வெளியிடப்பட்டவை. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையம் வழியாகவும் விதை பற்றி விசாரிக்கலாம். இவை சமவெளியையும் தாழ்ந்த மலைகளையும் மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பதால் மேல்மலையில் முதிர்ச்சி வெகுவாகத் தள்ளிப் போகும். மணிச்சத்துக் குறைவு முதிர்ச்சியை மேலும் தாமதப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால் அறுவடை வடகிழக்கு மழையில் போய் மாட்டிக்கொள்ளும்.

உள்ளூர் ரகம் என்ற ஒரே காரணத்துக்காக அது பட்டினியைத் தாங்கும் என்று நம்புவது பரவலான பழக்கம். அது எப்போதும் சரியல்ல. சரிவுகளில் புதரை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டு சாமையும் தினையும் விதைத்து, பின்பு நிலத்தைப் பல ஆண்டு தரிசாக விட்ட முறையில், சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்துச் சாம்பல் சத்தையும் சுண்ணாம்பையும் தந்தது. அப்படிப்பட்ட நிலத்தில் தேறிவந்த ரகம், சாம்பலும் தரிசும் இல்லாமல் ஆண்டுதோறும் உழும் மட்டத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சோதித்தே அறிய முடியும். மேலும் அந்த நிலங்களில் துவரை, மொச்சை, கீரை ஆகியவை தானியத்தோடு கலந்தே விதைக்கப்பட்டன. தனிப்பயிராக விதைத்து அதே விளைச்சலை எதிர்பார்க்கக் கூடாது.

கோதுமை விதைப்போருக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. கருந்துரு, பழுப்புத் துரு என்னும் பூஞ்சை நோய்கள் நீலகிரி, பழனி மலைகளில் ஆண்டு முழுவதும் உயிர்வாழ்ந்து, இங்கிருந்து காற்றில் கிளம்பி நடு இந்தியாவின் கோதுமை வயல்களை அடைகின்றன. வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் துரு எதிர்ப்பு ரகங்களுக்காகப் பணியாற்றி வருவதும் இதனால்தான். சத்துக் குறைவை எவ்வளவுதான் தாங்கினாலும் துருவுக்கு இடங்கொடுக்கும் ரகத்தை இம்மலைகளில் பெருக்கக் கூடாது. நீலகிரியில் பழக்கமான சம்பா கோதுமையிலும் துரு எதிர்ப்புள்ள தேர்வுகளையே கேட்டு வாங்குங்கள்.

விதையைப் பற்றிய நுட்பமான செய்தி ஒன்று பலரால் கவனிக்கப்படுவதில்லை. வளமான வயலில் விளைந்த விதையின் உள்ளே மணிச்சத்து கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அந்த விதை எந்த ரகமானாலும் முதல் மூன்று வாரம் செழிப்பாகத் தெரியும். ஆகையால் வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்கிய விதைகளை நேரடியாக ஒப்பிட்டால், ரகத்தின் திறமையையும் அது பிறந்த வயலின் செல்வத்தையும் பிரித்தறிய முடியாது. எல்லா ரகங்களையும் ஒரு பருவம் உங்கள் நிலத்தில் ஒரே மட்டத்தில் விதைத்து எடுத்த விதையைக் கொண்டே உண்மையான சோதனையைத் தொடங்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் சல்லடையில் சலித்து ஒரே பருமன் உள்ள விதைகளையாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்றுப் பையில் வேர்ச் சோதனை

வயலில் இறங்குவதற்கு முன், தேயிலை நாற்றுக்குப் பயன்படுத்தும் நீண்ட பாலித்தீன் பைகளிலேயே ஒரு முற்சோதனையைச் செய்துவிடலாம். சோதிக்கப்போகும் நிலத்தின் அடிமண்ணை வெட்டிச் சலித்து இரு பங்காக்குங்கள். ஒரு பங்கை அப்படியே விட்டு, மற்றதில் ஆய்வறிக்கை சொன்ன சுண்ணாம்புத் தேவைக்கு ஏற்ப நுண்ணிய டோலமைட்டை (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூளை) கலந்து, ஈரம் காத்து மூன்று நான்கு வாரம் வைத்திருங்கள். பின்பு ஒவ்வொரு ரகத்துக்கும் ஒவ்வொரு வகை மண்ணிலும் குறைந்தது ஐந்து பைகள் வீதம் நிரப்பி, பைக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டும். பைகளை ரகவாரியாக அடுக்காமல் கலந்து அடுக்கவும். நிழலும் சாரலும் ஒரு ரகத்துக்கு மட்டும் சாதகமாகிவிடக் கூடாது.

மூன்றாவது வாரத்தில் பையைப் பிளேடால் நெடுக்காகக் கீறித் திறந்து, முதலில் வேரைக் கழுவாமலே மெதுவாக உதறிப் பாருங்கள். மயிர்வேர் நீண்டு அடர்ந்த செடியில் மண் உறைபோல வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். மயிர்வேர் குறைந்த செடியில் மண் உதிர்ந்து வெறும் வேர் தெரியும். புளித்த மண்ணிலும் இந்த உறை தடிமனாக நிற்கும் ரகம் அலுமினியத்துக்கு அஞ்சாதது என்றும் மணிச்சத்தைத் தேடக்கூடியது என்றும் கொள்வதற்கு நல்ல அடையாளம் கிடைத்துவிட்டது. பிறகு வேரைக் கழுவி, மிக நீண்ட வேரின் நீளத்தை அளந்து, புளித்த மண்ணில் கிடைத்த சராசரியை டோலமைட் இட்ட மண்ணின் சராசரியால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு நெருங்கிய விடை தந்த ரகம் புளிப்பைப் பொருட்படுத்தவில்லை. பாதிக்கும் கீழே இறங்கியதை வெறுஞ்சரிவுக்கு அனுப்ப வேண்டாம். எல்லா ரகமும் ஒன்றுக்கு நெருங்கினால் உங்கள் மண்ணில் அலுமினியம் ஓர் இடரே அல்ல, முதற்குறையை வேறெங்கோ தேட வேண்டும் என்று பொருள்.

வேரின் சாய்வைக் காணவும் எளிய வழி உண்டு. கம்பி வலையால் ஆன அரைக்கோள வடிவத் தேநீர் வடிகட்டியில் மண் நிரப்பி, நடுவில் ஒரு விதையை ஊன்றி, அதைப் பெரிய தொட்டி மண்ணுக்குள் விளிம்புவரை புதைத்து வைத்தால், வேர்கள் வலைக்கண் வழியே வெளியேறும். சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்து, அடிப்பகுதி வழியாக வெளியேறியவை எத்தனை, விளிம்போரம் வெளியேறியவை எத்தனை என்று எண்ணினால் ஆழ வேர் ரகமும் மேலோட்ட வேர் ரகமும் பிரிந்துவிடும். ட்ரோ1 ஆய்விலும் கம்பிவலைக் கூடைகளைக் கொண்டே வேரின் சாய்வைப் பார்த்தார்கள்.

வயல் சோதனை

மானாவாரிக் கேழ்வரகையும் சாமையையும் கார்போகத்தில், கோடை மழை மண்ணை நனைத்தபின் விதைத்துச் சோதிக்கலாம். இடம் தேர்ந்தெடுப்பதில்தான் மலைநிலச் சோதனை பெரும்பாலும் கெடுகிறது. படிமட்டம் அமைக்கும்போது மேற்புறம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் நிரப்புகிறார்கள். ஆகவே மட்டத்தின் உட்பக்கத்தில் அடிமண் வெளிப்பட்டு வெளிறி இருக்கும், வெளிவிளிம்பில் மேல்மண் குவிந்து கறுத்திருக்கும். நீலகிரியில் மட்டங்கள் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் தண்ணீரும் உட்பக்கத்தில் தேங்கும். ஒரு ரகத்தை உட்பக்கத்திலும் மற்றொன்றை விளிம்பிலும் விதைத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் நாம் அளப்பது மண்வெட்டியின் வேலையை மட்டுமே. ஒவ்வொரு ரகத்தின் பாத்தியும் உட்சுவரிலிருந்து விளிம்பு வரை குறுக்காக ஓட வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் வெட்டிய மண்ணையும் நிரப்பிய மண்ணையும் சமமாகச் சந்திக்கும்.

பாத்தி 1.5 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், அதாவது 6 சதுர மீட்டர் இருந்தால் போதும். ஒவ்வொரு ரகத்துக்கும் உரமில்லாத பாத்தி ஒன்று, உரமிட்ட பாத்தி ஒன்று. இந்த இணையை மூன்று மட்டங்களில் திரும்ப அமைக்க வேண்டும். எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்பதை ஒவ்வொரு மட்டத்திலும் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். நம் கை தன்னை அறியாமலே விருப்பமான ரகத்துக்கு நல்ல இடத்தைக் கொடுத்துவிடும் என்பதால் இந்தச் சீட்டு தேவைப்படுகிறது. உரமிட்ட பாத்தியிலிருந்து சத்து வழிந்து உரமில்லாததற்குப் போகாமல் இடையே சிறு வரப்பு இருக்கட்டும்.

மானாவாரிக் கேழ்வரகுக்குத் தமிழ்நாட்டில் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல் சத்து. இதை 6 சதுர மீட்டருக்குச் சுருக்கினால் யூரியா 52 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம் ஆகும். இயற்கை வழியில் செல்வோர் ஹெக்டேருக்கு 12.5 டன் என்ற கணக்கில் பாத்திக்கு 7.5 கிலோ மட்கிய தொழு உரம் இடலாம். புளிப்பே முதற்குறை என்று பைச் சோதனை காட்டியிருந்தால், டோலமைட் மட்டும் இட்ட மூன்றாவது பாத்தி ஒன்றையும் சேர்த்தால் குழப்பம் தீரும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரங்களை இடுவதானால் எல்லாப் பாத்திக்கும் இடுங்கள்; இல்லையேல் எதற்கும் இட வேண்டாம்.

களையை எல்லாப் பாத்திகளிலும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும். முதல் மூன்று வாரத்துக்குள் யாரேனும் வந்து எந்த ரகம் நன்றாக இருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது. அப்போது தெரியும் பச்சை பெரும்பாலும் விதைக்குள் இருந்த சத்தின் பச்சை. பூக்கும் நாள், தூர்களின் எண்ணிக்கை, துரு அல்லது குலைநோயின் அளவு ஆகியவற்றை ஏட்டில் குறித்து வரவும். பறவைகளைப் பற்றிய எச்சரிக்கையும் தேவை. சிறு சோதனையில் முதலில் முற்றும் ரகத்தைத்தான் ஊர்ப் பறவைகள் எல்லாம் கூடித் தின்னும். அது விளைச்சல் குறைந்த ரகம் என்று ஏட்டில் ஏறிவிடும். கதிர் பால்பிடிக்கும் முன்பே எல்லாப் பாத்திகளுக்கும் வலை போர்த்துவது அவசியம். காட்டுப்பன்றியும் காட்டெருமையும் வரும் இடமானால் வேலியில்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

அறுவடையில் பாத்தியின் ஓர வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே உள்ள பயிரை மட்டும் அறுத்து, அறுத்த பரப்பை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஓரச் செடிகள் பக்கத்துப் பாத்தியின் சத்தையும் வெளிச்சத்தையும் திருடியவை. கதிரைத் தட்டித் தூற்றி, எல்லா ரகத்தையும் ஒரே வெயிலில் காயவைத்து, மணியையும் தாளையும் தனித்தனியே நிறுக்கவும். ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் மணி என்றால் ஹெக்டேருக்கு 1 டன், ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கிலோ.

எண்களைப் படிக்கும் முறை

உரமிடாத பாத்தியின் விளைச்சலை உரமிட்டதன் விளைச்சலால் வகுத்து வரும் விகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. எடுத்துக்காட்டாக, ஒரு ரகம் உரமின்றிச் சதுர மீட்டருக்கு 60 கிராமும் உரமிட்டு 65 கிராமும் தந்தால் அதன் விகிதம் மிக உயர்வு; ஆனால் அது எங்கேயும் விளையாத ரகம், அவ்வளவுதான். மற்றொன்று உரமின்றி 95, உரமிட்டு 170 தந்தால் விகிதம் தாழ்வு. ஆனாலும் வறிய நிலத்துக்கு ஏற்றது இதுவே. எனவே முதலில் உரமில்லாப் பாத்தியின் மணி எடையை வைத்து வரிசைப்படுத்துங்கள்; அதில் நெருங்கி வரும் ரகங்களுக்கிடையே உரத்துக்குக் கூடுதலாக விடை தருவதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மட்டங்களிலும் ஒரே ரகம் முன்னே நின்றால் நம்பலாம். ஒரு மட்டத்தில் முதலாவதாகவும் மற்றொன்றில் கடைசியாகவும் வந்தால், அந்த இரு மட்டங்களின் மண்ணறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். உரமிட்ட பாத்திகளில் வரிசை மாறிவிடுவது இயல்பே. அப்படி மாறுவதால்தான் சமவெளிப் பண்ணைகளின் பட்டியல் நமக்கு உதவாமல் போகிறது.

டோலமைட் பாத்தியில் எல்லா ரகங்களும் ஒருசேர எழுந்துவிட்டால், ரகத்தை மாற்றுவதைவிட டோலமைட் இடுவதே மலிவான தீர்வு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரகத்தால் ஆகக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843இல் தொடங்கிய சோதனையில், எந்த உரமும் பெறாமல் தொடர்ந்து கோதுமை விளையும் நிலப்பகுதி ஒன்று இருக்கிறது. இடையே ரகங்கள் பலமுறை மாற்றப்பட்டும் அதன் விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1 டன் என்ற அளவிலேயே நிற்கிறது. உரமிட்ட பகுதிகளிலோ புதிய ரகங்கள் வரவர விளைச்சல் பன்மடங்கு உயர்ந்துள்ளது. கோதுமையில் 1 டன் மணியோடு ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தும் 3 முதல் 4 கிலோ பாஸ்பரசும் நிலத்தைவிட்டு வெளியேறுகின்றன. நன்றாகத் தாங்கும் ரகம் இவற்றை மண்ணிலிருந்து இன்னும் முழுமையாகச் சுரண்டி எடுக்கிறது. ஆகவே அத்தகைய ரகத்தைத் தேர்ந்தெடுத்தபின் தாளை மாட்டுக்குக் கொடுத்துச் சாணத்தை அதே மட்டத்துக்குத் திருப்புவது, துவரை அல்லது மொச்சையை ஊடுபயிராகவோ அடுத்த பயிராகவோ சேர்ப்பது, எரித்த சாம்பலைச் சரிவில் தூவுவது ஆகியவற்றையும் கூடவே தொடங்க வேண்டும்.

விதை எடுத்தல்

இரண்டு பருவம் சோதித்தபின் தேறிய ரகத்தின் விதையை உரமில்லாப் பாத்தியில் தேறிய செடிகளிலிருந்து தேர்ந்தெடுங்கள்; வெறுநிலத்தில் முன்னே நின்ற செடிகளை அங்கேதான் அடையாளம் காண முடியும். ஒரே ஒரு கொழுத்த கதிரை எடுக்காமல், பல செடிகளின் கதிர்களைக் கலந்து எடுத்தால் உள்ளூர் ரகத்துக்குள் இருக்கும் வேறுபாடு அழியாது. ஆனால் அந்த விதையைப் பெருக்கும்போது, நன்றாக எருவிட்ட சிறு பாத்தியில் ஒரு தலைமுறை விளையவைத்து, அதில் கிடைத்த நிறைந்த விதையை வெறுஞ்சரிவில் விதைக்கலாம். விதைக்குள் சேர்ந்த மணிச்சத்து முதல் மூன்று வாரத்துக்கு நாற்றைத் தாங்கிக்கொள்ளும். மேல்மலையின் பனிமூட்டத்தில் விதை எளிதில் ஈரம் இழுக்கும் என்பதால், வெயில் கிடைக்கும் நாளில் நன்கு உலர்த்தி, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ரகத்தின் பெயரோடு எந்த மட்டத்தில் எந்தப் போகத்தில் எடுத்தது என்பதையும் எழுதி ஒட்டி வைக்கவும்.